டபிள்யூவிடயல் 1.61: லினக்ஸில் டயல்-அப் மோடத்துக்கு இன்னும் இதுதானா?

தொலைபேசி லைனில் மோடம் வழியாக ஒரு எண்ணை அழைத்து இணையத்தில் சேரும் டயல்-அப் தேவைப்படுபவர்கள் இன்று குறைவு. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. ஆனாலும் செம்புக் கம்பியைத் தவிர வேறொன்றும் எட்டாத இடங்கள் இருக்கின்றன. பிரதான இணைப்பு அறுந்தால் பின்வாசல் வழியாக உள்ளே நுழைய ஒரு மோடத்தை மாட்டி வைத்திருக்கும் நெட்வொர்க் அறைகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் லினக்ஸ் கணினியிலிருந்து டயல் செய்ய வேண்டுமென்றால் முதலில் காதில் விழும் பெயர் டபிள்யூவிடயல்.

ஏவரி பென்னரனும் டேவ் கூம்ஸும் எழுதிய கட்டற்ற மென்பொருள் இது. சி++ மொழியில், அவர்களுடைய டபிள்யூவிஸ்ட்ரீம்ஸ் நூலகத்தின் மேல் கட்டியது. வேலை இரண்டுதான்: மோடத்தோடு பேசி எண்ணை டயல் செய்வது, மறுமுனை எடுத்ததும் இணைப்பை, பிபிபி என்ற நெறிமுறையில் (தொலைபேசி லைனில் இணையத் தரவைக் கொண்டுசெல்லும் முறை) பேசும் பிபிபிடி என்ற பின்னணி நிரலிடம் ஒப்படைப்பது. ஐபி முகவரி, டிஎன்எஸ், கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் பிபிபிடியின் பாடு. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும். முன்கூட்டியே தீர்ப்பைச் சொல்லிவிடலாம்: மோடத்தைத் தேடிப் பிடிப்பதில் இது கெட்டிக்காரன். எங்கே பிசகியது என்று சொல்வதில் அரைகுறை. இதன் திரைச் செய்தியை மட்டும் நம்பிப் பிழை தேடினால் நாள் போய்விடும்.

நிறுவியவுடன் செய்ய வேண்டியது டபிள்யூவிடயல்கான்ஃப் கட்டளையை ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) இயக்குவது. சீரியல் போர்ட், யுஎஸ்பி போர்ட் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மோடங்களுக்குப் புரியும் ஏடி கட்டளைக்கு யார் ஓகே சொல்கிறார்களோ அதை மோடமென்று எடுத்துக்கொள்ளும். எந்த வேகம்வரை தாங்குகிறது என்றும் ஏறு வரிசையில் சோதிக்கும். பிறகு ஈடிசி கோப்பகத்தில் டபிள்யூவிடயல்.கான்ஃப் கோப்பை எழுதிவிடும். கையால் எந்த டிரைவர், எந்த போர்ட் என்று துழாவியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று தெரியும்.

ஆனால் அது எழுதித் தரும் கோப்பில் தொலைபேசி எண், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்று வரிகளின் முன்னாலும் அரைப்புள்ளி இருக்கும். அரைப்புள்ளி இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு. எண்ணை நிரப்பிவிட்டு அரைப்புள்ளியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். "சரியான தொலைபேசி எண் இல்லை" என்று நிரல் திருப்பிச் சொன்னால் முதலில் அதைப் பாருங்கள். எண்ணைச் சுற்றியுள்ள கோண அடைப்புக்குறிகளையும் நீக்க வேண்டும்.

மோடமே அகப்படவில்லை என்று தேடல் முடிந்தால், டபிள்யூவிடயலைத் திட்டுவதற்கு முன் மோடம் எந்த வகை என்று பாருங்கள். ஒலியை எண்ணாக மாற்றும் வேலையைச் சொந்தச் சிப்பிலேயே செய்யும் மோடம் ஒரு வகை. அந்த வேலையைக் கணினியின் தலையில் கட்டும் 'வின்மோடம்' இன்னொன்று. பழைய மடிக்கணினிகளுக்குள் இருந்த மோடங்களும், மலிவான பிசிஐ அட்டைகளும் பெரும்பாலும் இரண்டாம் வகைதான்: லூசென்ட், கோனெக்ஸன்ட் எச்எஸ்எஃப், ஸ்மார்ட்லிங்க், இன்டெல் 537 என்று பல. இவற்றுக்கு லினக்ஸ் டிரைவர்கள் ஒரு காலத்தில் இருந்தன. பழைய கர்னல்களுக்காக (லினக்ஸின் மையப்பகுதி) எழுதியவை என்பதால் இன்றைய கர்னலோடு அவற்றை ஒட்டவைப்பது தண்டச் செலவு. லினக்ஸன்ட் தந்த எச்எஸ்எஃப் டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகவும் போகாது. வின்மோடம் என்று தெரிந்தால் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

வாங்குவதானால் இரண்டே வழி. 9 முனை சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளிப்புற மோடம், அல்லது சிடிசி-ஏசிஎம் தரத்தைப் பின்பற்றும் யுஎஸ்பி மோடம். யுஎஸ்ரோபோடிக்ஸ் 5637 இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தனி பவர் அடாப்டர் வேண்டாம், தனி டிரைவரும் வேண்டாம். செருகியதும் கர்னல் சிடிசி-ஏசிஎம் மாட்யூலை ஏற்றி, டெவ் கோப்பகத்தில் டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரில் காட்டும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் இந்தப் பெயர் வந்தால் பிழைத்தோம். யுஎஸ்பி என்று பெட்டியில் போட்டிருப்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம், யுஎஸ்பியிலும் வின்மோடம் உண்டு. சீரியல் மோடம் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்3 வரை ஏதாவது ஒன்றில் இருக்கும். யுஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக வந்தால் டிடிஒய்யுஎஸ்பி0.

நல்ல மோடம்தான், கர்னலும் காட்டுகிறது, ஆனாலும் "சாதனம் வேறு வேலையில் உள்ளது" என்று வருகிறதா? மோடம்மேனேஜர் என்ற சேவை பின்னணியில் ஓடி, இதை மொபைல் டேட்டா மோடமென்று நினைத்துப் போர்ட்டைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருக்கும். சிஸ்டம்சிடிஎல் மூலம் அதை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். நிரந்தரமாக ஒதுக்க, அந்த மோடத்தின் அடையாள எண்ணுக்கு யுடெவ் விதி ஒன்று எழுதலாம். அல்லது, மொபைல் மோடமே இல்லாத கணினி என்றால், அந்தச் சேவையையே நீக்கிவிடலாம். அனுமதி இல்லை என்று வந்தால் வேறு கதை. டெபியன் வழி வந்தவற்றில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும், ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. குழுவில் சேர்த்தபின் லாக்அவுட் செய்து திரும்ப நுழையாவிட்டால் பலன் இல்லை.

குழுவில் சேர்ந்தாலும் சாதாரணப் பயனராக இயக்கும்போது ஒரு முணுமுணுப்பு வரும்: பாப்-சீக்ரெட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை, பாப் சரிபார்ப்பு தடுமாறலாம் என்று. டபிள்யூவிடயல் ஒவ்வொரு தடவையும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பிபிபிடியின் ரகசியக் கோப்புகளில் எழுதப் பார்க்கும். அந்தக் கோப்புகள் ரூட்டுக்கு மட்டுமே சொந்தம். ரூட் உரிமை தரும் சூடோ போட்டு ஒருமுறை இயக்கினால் எழுதிவிடும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அதே. இல்லையென்றால் பழைய கடவுச்சொல்தான் மறுமுனைக்குப் போகும்.

வேலை செய்யும் அமைப்பு ஒன்றைக் கீழே தருகிறோம். உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறது, கோப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

[டயலர் டிஃபால்ட்ஸ்]
மோடம் = /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0
பாட் = 115200
இனிட்1 = ஏடிஇசட்
இனிட்2 = ஏடிகியூ0 வி1 இ1 எஸ்0=0 &சி1 &டி2
இனிட்3 = ஏடிஎக்ஸ்3
ஸ்டுபிட் மோட் = யெஸ்
ஆட்டோ ரீகனெக்ட் = ஆஃப்
டயல் அட்டெம்ப்ட்ஸ் = 3

இதோடு ஃபோன், யூசர்நேம், பாஸ்வேர்ட் வரிகள். இனிட் வரிகள் டயல் செய்யுமுன் மோடத்துக்குப் போகும் கட்டளைகள். மோடம் 56 கிலோபிட்தானே, பாட் ஏன் 115200 என்று கேட்கலாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால் கணினி அதைவிட வேகமாக ஊட்ட வேண்டும். தானியங்கித் தேடல் சில மோடங்களுக்கு 460800 என்று எழுதிவிடும். யுஎஸ்பியில் அதனால் கெடுதல் இல்லை. பழைய சீரியல் போர்ட்டின் உச்சமே 115200 என்பதால், அங்கே கையால் குறைத்துவிடுங்கள்.

எக்ஸ்3 என்பது டயல் டோனுக்காகக் காத்திருக்காதே என்று சொல்வது. 'நோ டயல்டோன்' என்று வந்து நின்றால் முதல் மருந்து இதுதான். லைனில் டோன் இல்லாமல் இல்லை. குரலஞ்சல் வந்திருப்பதைக் காட்டும் விட்டுவிட்டு ஒலிக்கும் டோனையும், அலுவலக எக்ஸ்சேஞ்சின் வித்தியாசமான டோனையும் மோடத்துக்கு அடையாளம் தெரிவதில்லை. வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டிய இடத்தில் டயல் ப்ரிஃபிக்ஸ் வரியில் 9-ஐயும் ஒரு காற்புள்ளியையும் போடுங்கள். ஒரு காற்புள்ளிக்கு மோடம் 2 விநாடி பொறுக்கும்.

மேலே தந்த அமைப்பின் கடைசி இரண்டு வரிகள் பிழை தேடும்போது கட்டாயம். இந்த நிரலின் இயல்பு விடாக்கண்டன் இயல்பு: இணைப்பு விழுந்தால் உடனே மறுபடி டயல் செய்யும், எண்ணிக்கை சொல்லாவிட்டால் சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும். கடவுச்சொல் தப்பாக இருக்கும்போது இப்படி ஓடவிட்டு எழுந்து போனால், ஒவ்வொரு முயற்சியும் தொலைபேசிக் கட்டணத்தில் ஏறும்.

இனி ஸ்டுபிட் மோட். இந்தப் பெயரைப் பார்த்துத் தயங்கி 'நோ' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். கேரியர் (மறுமுனை மோடத்தின் சைகை) கிடைத்ததும் டபிள்யூவிடயல் சும்மா இருக்காது. மறுமுனையிலிருந்து 'லாகின்', 'பாஸ்வேர்ட்' என்று எழுத்து வருகிறதா என்று பார்க்கும். வந்தால் தானே பதில் அடிக்கும். மெனு வந்தால் எதைத் தேர்வது என்று ஊகிக்கும். எழுத்தில் லாகின் கேட்ட காலத்துக்கு இது அபாரமான புத்திசாலித்தனம். பின்னால் வந்த சர்வர்கள் அப்படிக் கேட்பதில்லை. நேராக பிபிபி பேசத் தொடங்கும், அல்லது நாம் தொடங்கட்டும் என்று மௌனமாக இருக்கும்.

நேராகப் பேசத் தொடங்கினால் திரையில் ~[7எஃப்]}#@!}! என்பது போல ஒரு குப்பை வரி ஓடும். அது குப்பை இல்லை. ஒவ்வொரு பிபிபி சட்டகமும் 126 என்ற பைட்டோடு தொடங்கும், அதன் எழுத்து வடிவம்தான் ~. சிறப்புப் பைட்டுகளை மறைத்து அனுப்பும் 125-இன் வடிவம் }. அடுத்து வரும் #-இன் மதிப்பு 35. அதில் 32-ஐக் கழித்தால் 3, பிபிபியின் கட்டுப்பாட்டுப் பைட். சர்வர் உயிரோடு இருக்கிறது, பிபிபி பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. டபிள்யூவிடயலும் இதைக் கண்டால் புரிந்துகொண்டு பிபிபிடியைக் கிளப்பிவிடும்.

சிக்கல் மௌன சர்வரிடம்தான். அது நம்மை எதிர்பார்க்கிறது, டபிள்யூவிடயல் அதன் எழுத்தை எதிர்பார்க்கிறது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்து கடைசியில் சர்வர் ஃபோனை வைத்துவிடும், திரையில் 'நோ கேரியர்' வரும். லைன் கெட்டுவிட்டது என்று கேபிளை மாற்றுவார்கள், பாவம். ஸ்டுபிட் மோட் போட்டால் கேரியர் வந்த கணமே பிபிபிடி கிளம்பிவிடும், தீர்ந்தது. மாறாக, எழுத்தில் லாகின் கேட்கும் பழைய சர்வரில் ஸ்டுபிட் மோட் இருந்தால் விளைவு தலைகீழ்: நாம் அனுப்பும் சட்டகத்தை லாகின் திரை அப்படியே எதிரொலிக்கும், "சீரியல் லைன் லூப் ஆகியிருக்கிறது" என்று சொல்லி பிபிபிடி 17 என்ற எண்ணோடு வெளியேறும்.

இந்த வெளியேறும் எண்கள்தான் உண்மையான தகவல். டபிள்யூவிடயலின் கடைசி வரிகளில் 'எக்ஸிட் கோட்' என்று இருக்கும். மற்ற வரிகளை விட்டுவிட்டு அதைப் பிடியுங்கள். 10 வந்தால் பிபிபி பேச்சுவார்த்தை தோல்வி. பிபிபிடி 3 விநாடிக்கு ஒன்றாக 10 கோரிக்கை அனுப்பியும் பதில் இல்லையென்றால், சுமார் 30 விநாடியில் கைவிடும்போது வருவதும் இதுதான். 15 என்றால் இணைப்பு இருந்தது, மறுமுனை எதிரொலிக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. 16, மோடம் ஃபோனை வைத்துவிட்டது. அது லைன் கோளாறாகவும் இருக்கலாம், சர்வரே துண்டித்ததாகவும் இருக்கலாம். 19-க்கு விளக்கமே தேவையில்லை, பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. கடவுச்சொல் சரிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் பாப்-சீக்ரெட்ஸ், சாப் என்ற இன்னொரு சரிபார்ப்பு முறைக்கான சாப்-சீக்ரெட்ஸ் இரண்டையும் திறந்து பழைய வரி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். # உள்ள கடவுச்சொல்லை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளது கருத்துரையாகிவிடும்.

எண்ணுக்கு மேலும் விவரம் வேண்டுமென்றால், ஈடிசி பிபிபி கோப்பகத்தில், பியர்ஸ் துணைக் கோப்பகத்தில் உள்ள டபிள்யூவிடயல் கோப்பைத் திறந்து 'டீபக்' என்று ஒரு வரி சேருங்கள். டயல் செய்யும்போது இன்னொரு டெர்மினலில், லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் ஓடட்டும். ஒவ்வொரு கோரிக்கையும் பதிலும் அனுப்பியது, பெற்றது என்று தனித்தனியாக வரும். அனுப்பியது மட்டும் வரிசையாக வந்து பெற்றது ஒன்றுகூட இல்லையா, மறுமுனை பிபிபியே பேசவில்லை. பெற்றதும் இருக்கிறது, ஆனால் பாப் நிலையில் மறுப்பு வருகிறதா, லைனை விட்டுவிட்டுக் கணக்கு விவரத்தைப் பாருங்கள். டபிள்யூவிடயல் இதையெல்லாம் காட்டுவதே இல்லை என்பதுதான் அதன் மீதுள்ள பெரிய குறை. சுருக்கமான சேதி போதும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அது இதமாகத்தான் இருக்கிறது.

ஐபி முகவரி வந்துவிட்டது, ஒரு பக்கமும் திறக்கவில்லை என்ற நிலைக்கு இரண்டு காரணங்கள். கணினியில் ஏற்கெனவே ஈதர்நெட்டோ வைஃபையோ தந்த இயல்பு வழித்தடம் இருந்தால் பிபிபிடி அதை மாற்றாது, மாற்றவில்லை என்று லாகில் மட்டும் எழுதிவைக்கும். ஐபி ரூட் கட்டளையால் இயல்பு வழித்தடத்தை பிபிபி0 பக்கம் திருப்புங்கள். எண் முகவரிக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ். சர்வர் தந்த டிஎன்எஸ் முகவரிகள் ஈடிசி பிபிபி கோப்பகத்து ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கிடக்கும். சிஸ்டம்டி-ரிசால்வ்ட் ஆளும் கணினியில் அவை பொதுவான இடத்துக்குப் போய்ச் சேராமல் போகலாம். அவற்றைப் பார்த்துக் கையால் கொடுத்தாலே போதும்.

சிறிய பக்கம் வருகிறது, பெரிய கோப்பு பாதியில் உறைகிறது என்றால் ஃப்ளோ கன்ட்ரோலைச் (தரவு வழியாமல் கணினியும் மோடமும் ஒன்றையொன்று நிறுத்திவைக்கும் ஏற்பாடு) சந்தேகிக்க வேண்டும். கோனெக்ஸன்ட், ராக்வெல் சிப் உள்ள மோடங்களில் &கே3, பழைய யுஎஸ்ரோபோடிக்ஸ் கூரியர், ஸ்போர்ட்ஸ்டர் மோடங்களில் &எஃப்1 என்று இனிட் வரியில் சேர்த்தால் வன்பொருள் கட்டுப்பாடு இயங்கும். உண்மையில் அதுதானா என்று அறிய, தரவிறக்கத்தின்போது ஐபி கட்டளையால் பிபிபி0-இன் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பைட்டுகள் வழியில் தொலைகின்றன.

இணைந்து சில நிமிடத்தில் அறுந்துவிடும் லைனுக்கு, வேகத்தைக் குறைப்பதுதான் நடைமுறைத் தீர்வு. +எம்எஸ்=வி34 என்ற கட்டளை 56 கிலோபிட் தரங்களான வி.90, வி.92 முயற்சிகளை விலக்கி 33.6 கிலோபிட்டுக்குள் நிறுத்தும். டபிள்யூவிடயலின் அழகான அம்சம் ஒன்று இங்கே கைகொடுக்கும்: கோப்பின் அடியில் [டயலர் ஸ்லோ] என்று ஒரு பகுதி தொடங்கி, அதில் இனிட்4 வரியில் இந்தக் கட்டளையை மட்டும் எழுதினால் போதும். கட்டளைப் பெயரோடு ஸ்லோ என்று சேர்த்து அடித்தால், மற்றதெல்லாம் டிஃபால்ட்ஸிலிருந்து வரும், இது மட்டும் கூடும். ஒலியை அணைக்கும் ஏடிஎம்0-வுக்கும் இப்படித் தனிப்பகுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிழை தேடும்வரை ஒலியை அணைக்காதீர்கள். டோன் வருகிறதா, எண் போகிறதா, மறுமுனை கீச்சிடுகிறதா, மனிதக் குரல் எடுக்கிறதா என்பதெல்லாம் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

கால் வெயிட்டிங் பீப் கேரியரை அறுக்கிறது என்றால் எஸ்10=50 கொடுங்கள், கேரியர் 5 விநாடி மறைந்தாலும் மோடம் பொறுத்துக்கொள்ளும். வழக்கமான அளவு 1.4 விநாடிதான். ஐபி தொலைபேசி அடாப்டர் வழியாக டயல் செய்பவர்கள் 56 கிலோபிட்டை மறந்துவிட வேண்டியதுதான். அடாப்டரில் ஜி.711 கோடெக் வைத்து, எதிரொலி நீக்கத்தை அணைத்து, வி.34 அல்லது அதற்கும் கீழே முயலலாம். அதன் பிறகும் பாக்கெட் தொலைந்தால் அறும், அதற்கு டபிள்யூவிடயலிடம் வழி இல்லை.

எல்லாம் சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும்? 44 கிலோபிட்டில் இணைந்தால் விநாடிக்குச் சுமார் 5.5 கிலோபைட், ஒரு மெகாபைட்டுக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மோடத்தின் வி.44 சுருக்கம் வெறும் எழுத்துக்கு உதவும். மறையாக்கம் செய்த இன்றைய வலைப்பக்கங்களில் சுருக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மோடத்தைத் தேடுவதற்கும் பகுதி பகுதியான கோப்பு அமைப்புக்கும் முழு மதிப்பெண். ஊமைச் செய்திகளுக்காக ஒன்று கழித்தோம். கடவுச்சொல்லைக் கோப்பில் அப்படியே எழுதிவைப்பதற்காக அரை. அந்தக் கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) ஆக்கிவிடுங்கள். ஒரே எண்ணுக்கு வருடக்கணக்கில் டயல் செய்யப் போகிற, யாரும் உட்கார்ந்து பார்க்காத கணினியென்றால், டபிள்யூவிடயலைக் கொண்டு மோடத்தையும் இனிட் வரிகளையும் கண்டுபிடித்துக்கொண்டு, அவற்றை பிபிபிடிக்காக மோடத்தோடு பேசி டயல் செய்யும் சாட் ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. டெபியனில் பான், பாஃப் என்ற இரண்டு கட்டளைகளில் ஏற்றவும் இறக்கவும் முடியும், லாகும் ஒரே இடத்தில் முழுதாகக் கிடைக்கும்.